கலைப் பட்டத்தோடு அமெரிக்காவில் மருத்துவம்: கணக்கை வேதியியலிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் மருத்துவம் பிளஸ் டூ முடித்ததும் சேரும் படிப்பு அல்ல. நான்கு ஆண்டுப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்தப் பட்டம் உயிரியலில்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. வரலாறு, இசை, கணக்கியல், கணினி என்று எதுவாகவும் இருக்கலாம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-லேயே கலை, இலக்கிய மாணவர்களுக்குத் தனி வழி திறந்தது. நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதாமலே உள்ளே வந்த அவர்கள் மற்ற மாணவர்களுக்கு ஈடாகவே தேறினார்கள் என்று 2010-ல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. ஆகவே "என் பட்டம் தடையாகுமா?" என்று கவலைப்படுவதில் பயனில்லை. பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் அறிவியல் பாடங்களை எந்த வரிசையில், எத்தனை செமஸ்டரில் முடிப்பீர்கள் என்பதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

வேதியியல் சங்கிலி

வழக்கமாகக் கேட்கப்படுபவை இவை: ஆய்வகத்தோடு ஓராண்டு உயிரியல், ஓராண்டு பொது வேதியியல், ஓராண்டு கரிம வேதியியல், ஓராண்டு இயற்பியல், அதற்கு மேல் ஒரு செமஸ்டர் உயிர்வேதியியல். மொத்தம் ஏறத்தாழ 35 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு). ஆங்கிலமும் புள்ளியியலும் பல இடங்களில் கேட்பார்கள். உளவியல், சமூகவியல் அறிமுகப் பாடங்கள் எம்கேட்டுக்கு உதவும். இயற்பியலுக்குக் கால்குலஸ் சேர்ந்த வகுப்பு பொதுவாகத் தேவையில்லை, இயற்கணித அளவு போதும்.

இவற்றில் உயிரியலையும் இயற்பியலையும் வசதிப்படி முன்பின்னாக நகர்த்தலாம். வேதியியலை நகர்த்த முடியாது. பொது வேதியியல் இரண்டு, கரிம வேதியியல் இரண்டு, உயிர்வேதியியல் ஒன்று என ஐந்து செமஸ்டரும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர வேண்டும். முதல் கண்ணி ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் முழுத் திட்டமும் ஓராண்டு தள்ளிப்போகலாம், ஏனென்றால் பல கல்லூரிகளில் முதல் பகுதி ஆகஸ்டிலும் இரண்டாம் பகுதி ஜனவரியிலும் மட்டுமே நடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2026 ஆகஸ்டில் பொது வேதியியலும் உயிரியலும் தொடங்கினால் 2027 மே மாதத்தில் இரண்டும் முடியும். அந்தக் கோடையில் கரிம வேதியியல் இரண்டு பகுதிகளும். இலையுதிர் செமஸ்டரில் உயிர்வேதியியலும் இயற்பியல் முதல் பகுதியும். 2028 ஜனவரியில் இயற்பியல் இரண்டாம் பகுதி. 2028 ஏப்ரலில் எம்கேட், ஜூனில் விண்ணப்பம், 2029 ஆகஸ்டில் வகுப்பு. இதுதான் வேகமான பாதை, மூன்று ஆண்டு. கோடையில் கரிம வேதியியல் என்றால் ஓராண்டுப் பாடம் எட்டுப் பத்து வாரத்தில் ஓடும். முழுநேர வேலை பார்த்துக்கொண்டே இதை எடுப்பவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். வேலையை விட முடியாதவர்கள் ஓராண்டு கூடுதலாக எடுத்துக்கொள்வதே நல்லது. இங்கே வாங்கும் 'சி' கிரேடு ஓர் ஆண்டு தாமதத்தை விட மோசமானது.

எங்கே படிப்பது? பிரின் மார், கௌச்சர், ஸ்கிரிப்ஸ் போன்ற கல்லூரிகளில் துறை மாறுவோருக்கென்றே போஸ்ட்பேக் திட்டங்கள், அதாவது பட்டம் முடித்தபின் அறிவியல் பாடங்களை மட்டும் படிக்கும் திட்டங்கள், உண்டு. ஆலோசகர், பரிந்துரைக் கடிதம் எல்லாம் உள்ளேயே கிடைக்கும். சில மருத்துவக் கல்லூரிகளோடு நேரடி இணைப்பு ஒப்பந்தமும் வைத்திருக்கிறார்கள், அது கிடைத்தால் இடையில் காத்திருக்கும் ஓராண்டு மிச்சம். ஆனால் செலவு அதிகம். வீட்டருகே உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் பாடமாகச் சேர்ந்து முடித்தாலும் குறையில்லை. இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜின் பாடங்களைப் பல இடங்களில் ஏற்கிறார்கள், என்றாலும் கரிம வேதியியலையும் உயிர்வேதியியலையும் நான்காண்டுக் கல்லூரியில் படிப்பது பாதுகாப்பு. ஆய்வகத்தை ஆன்லைனில் முடிப்பதாக இருந்தால், நீங்கள் குறிவைக்கும் கல்லூரி அதை ஏற்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஏ: உங்களுக்குச் சாதகமான இடம்

எம்.டி. (அமெரிக்காவில் இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான அம்காஸ், இரண்டு ஜிபிஏ, அதாவது 4.0-ஐ உச்சமாகக் கொண்ட கிரேடு சராசரிகளைக் காட்டும். ஒன்று மொத்தம். மற்றது உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கு மட்டும். பழைய 120 கிரெடிட்டில் 3.2 வைத்திருப்பவர் புதிதாக 40 கிரெடிட் படித்து அத்தனையிலும் 4.0 வாங்கினாலும் மொத்தம் 3.4-க்குத்தான் ஏறும். ஆனால் அறிவியல் சராசரியைப் பாருங்கள்: இலக்கியம் படித்தவருக்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளைத்தாள். அதில் எழுதப்போவது அத்தனையும் புது மதிப்பெண். உயிரியலில் பட்டம் பெற்றுச் சுமாராக மதிப்பெண் வாங்கியவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

தவறாக நினைப்பது இரண்டு. திரும்பப் படித்தால் பழைய கிரேடு மறையும் என்பது ஒன்று. மறையாது, இரண்டும் கணக்கில் வரும். முதுகலை மதிப்பெண் இளங்கலைச் சராசரியைத் தூக்கிவிடும் என்பது மற்றொன்று. அது தனி வரியில் நிற்கும், அதோடு கலக்காது. அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ சுமார் 3.8, எம்கேட் சுமார் 512.

எம்கேட்

நான்கு பகுதிகள், 230 கேள்விகள், இடைவேளையோடு ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472 முதல் 528 வரை. 53 கேள்விகள் கொண்ட வாசிப்புப் பகுதிக்கு அறிவியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். தத்துவம், கலை, சமூகம் பற்றிய பத்திகளைப் படித்து வாதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே. அறிவியல் மாணவர்கள் பலர் தடுமாறும் இந்த இடத்தில் கலைப் பட்டதாரிக்குக் கை ஓங்கும். உயிர்வேதியியல் முடிக்காமல் மட்டும் எழுதாதீர்கள், அமினோ அமிலங்களும் நொதிகளும் தேர்வு முழுக்கப் பரவிக் கிடக்கும்.

அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வுகளில் இலக்கைத் தொடர்ந்து தொட்ட பிறகே உண்மைத் தேர்வுக்குப் போங்கள். எடுத்த மதிப்பெண் எல்லாம் கல்லூரிக்குத் தெரியும், வாழ்நாளில் ஏழு முறைதான் அனுமதி. முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்பதால் ஏப்ரல் முடிவுக்குள் எழுதிவிடுவது நல்லது.

"இத்தனை நாள் கழித்து ஏன்?"

துறை மாறி வருபவரிடம் சேர்க்கைக் குழு கேட்கும் முதல் கேள்வி இது. பதிலைக் கட்டுரையில் மட்டும் எழுதினால் நம்பமாட்டார்கள், நோயாளிகளோடு கழித்த மணிநேரம் பேச வேண்டும். மருத்துவர் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலை, செவிலியர் உதவியாளர் வேலை, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் தொண்டு ஆகியவை பொருத்தமானவை. ஊருக்குப் போனபோது உறவினர் மருத்துவமனையில் இரண்டு வாரம் நின்று பார்த்தது இதற்கு ஈடாகாது. முதல் வேதியியல் வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே வாரம் நான்கு மணி நேரம் என்று ஆரம்பித்தால், இரண்டு ஆண்டில் நானூறு மணி தாண்டும்.

5,300 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டிய தன்விளக்கக் கட்டுரையில் பழைய துறைக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள், அதைத் தாழ்த்தியும் எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், நோயாளி சொல்லாமல் விட்டதைக் கேட்கும் காதைப் பற்றி எழுதலாம்.

பரிந்துரைக் கடிதம் பலர் கோட்டைவிடும் இடம். பொதுவாக அறிவியல் பேராசிரியர் இருவரும் பிற துறையிலிருந்து ஒருவரும் தர வேண்டும். முந்நூறு பேர் உள்ள வகுப்பில் 'ஏ' வாங்கினாலும் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியாது. செமஸ்டரின் முதல் மாதத்திலிருந்தே மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸில் போய் உட்காருங்கள்.

அம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும், மே இறுதி முதல் அனுப்பலாம். விண்ணப்பங்கள் வரவர இடங்கள் கொடுக்கப்படுவதால் ஜூனில் அனுப்புவதும் செப்டம்பரில் அனுப்புவதும் ஒன்றல்ல. எப்போதோ ஒரு கோடையில் வேறு கல்லூரியில் படித்த ஒரே ஒரு பாடத்துக்கும் டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) வேண்டும். அது வராவிட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும்.

இந்தியப் பட்டத்தோடு வந்தவர்கள்

சென்னையிலோ கோவையிலோ பி.இ. முடித்து அமெரிக்காவில் வேலை பார்ப்பவருக்கு நிலைமை வேறு. வெளிநாட்டு மதிப்பெண்களை அம்காஸ் தன் சராசரியில் சேர்ப்பதில்லை. பல கல்லூரிகள் அமெரிக்கப் பட்டத்தையோ, அங்கே படித்த குறிப்பிட்ட அளவு கிரெடிட்டையோ கேட்கும். அமெரிக்காவில் எடுத்த எம்.எஸ். அந்த இடத்தை நிரப்புமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹெச்-1பி விசாவில் இருந்தால் கதவு இன்னும் குறுகும்: குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல கல்லூரிகள் எடுப்பதில்லை, மத்திய அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. எனவே பொது வேதியியலுக்குப் பணம் கட்டும் முன், குறிவைத்திருக்கும் பத்துக் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கும் உங்கள் பட்டம், விசா இரண்டையும் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.