மொட்டை மாடியில் ஒளிவினையூக்கி: வெயிலை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்து பார்க்கும் முறை

சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் வீராணம் ஏரியைச் சுற்றி நெல் வயல்கள்தான். வயலில் அடிக்கிற மருந்து அடித்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை, மழை பெய்தால் வாய்க்காலில் இறங்கிவிடும். அதை வெயிலை வைத்தே உடைக்க முடியுமா என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டைட்டானியம் டை ஆக்சைடு தூள்மேல் புற ஊதா ஒளி பட்டால், அதிலுள்ள எலக்ட்ரான் எழும்பி, இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதோடும் சட்டென்று வினைபுரியும் துகளை உண்டாக்கும், அது பக்கத்தில் இருக்கும் பெரும்பாலான கரிமப் பொருள்களை விட்டுவைக்காது. இப்படி ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருளைத்தான் ஒளிவினையூக்கி என்கிறோம். 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் வேண்டும். வெயிலில் புற ஊதா நூற்றுக்கு 4, 5 பங்குதான், ஆனால் சித்திரை வெயிலுக்கு அதுவே போதும்.

தூளை பாரிமுனை கெமிக்கல் கடைகளில் விசாரியுங்கள், 'அனடேஸ்' என்று அதன் படிக வகையின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் முதல் தடவை பெயிண்டுக்குப் போடும் ரகத்தை வாங்கிவந்து முழுநாள் வெயிலில் வைத்தேன், தூள் போடாத தட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த ரகம் பெரும்பாலும் ரூட்டைல் என்ற வேறு படிக வகை. பெயிண்ட் வெயிலில் மாவாக உதிரக்கூடாது என்பதற்காக அதன்மேல் சிலிக்கா, அலுமினா பூச்சு வேறு கொடுத்திருப்பார்கள், அதாவது நமக்கு வேண்டிய வேலையைத் தடுக்கவே செய்த பூச்சு. தூள் மூக்கில் ஏறக்கூடாது, மாஸ்க் போட்டுக்கொண்டு தண்ணீரில் குழைத்தபிறகே கலக்குங்கள்.

வீட்டில் நிஜப் பூச்சிமருந்தைத் தொடவே வேண்டாம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் போதும். அரை லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் வெளிர் நீலம் வரும்வரை சில சொட்டு, அரை கிராம் தூள். இதே கலவையில் இரண்டு கண்ணாடித் தட்டு, தூள் இல்லாமல் வெறும் நீலத் தண்ணீர் ஒரு தட்டு. ஆழம் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் பால் போன்ற கலங்கலில் ஒளி அடிவரை இறங்காது.

முதலில் மூன்றையும் அரை மணி நேரம் இருட்டில் வையுங்கள். இந்தப் படியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சாயம் தூளில் ஒட்டிக்கொண்டாலே தண்ணீர் வெளிறிவிடும், அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் தூள் போட்டதில் ஒன்றை இருட்டிலேயே விட்டு, மற்ற இரண்டையும் காலை பத்து மணிக்கு மாடியில் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை மூன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, சிறு பாட்டிலில் இருட்டில் தெளியவிட்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வரிசையாக வைத்துப் பாருங்கள். வெறும் வெயிலிலும் மெத்திலீன் ப்ளூ கொஞ்சம் வெளிறும், அதைவிட எவ்வளவு வேகமாக வெளிறுகிறது என்பதுதான் கணக்கு.

சரி, அது நடந்துவிட்டால் அடுத்து வீட்டுப் போர் தண்ணீரில் அதையே செய்யுங்கள். வேகம் குறைய வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பு அந்த ரேடிக்கலைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கிடைத்த வேகத்தை வைத்து வாய்க்கால் தண்ணீருக்குக் கணக்குப் போடாதீர்கள்.

நிறம் போனால் நஞ்சும் போய்விட்டது என்று தயவுசெய்து நம்பாதீர்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து உடையும்போது நடுவில் 'ஆக்சான்' என்ற அதன் மாறிய வடிவம் உருவாகும், அது மூல மருந்தைவிடக் கொடியது. அட்ரசின் என்ற களைக்கொல்லி சயனூரிக் அமிலம்வரை வந்து அதோடு நின்றுவிடும். உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டுக்கோ இந்த முறை உதவவே உதவாது. மொத்தக் கரிமக் கார்பனை, அதாவது தண்ணீரில் கரிமப் பொருள் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை, அளக்க வசதியுள்ள கல்லூரி லேப் இருந்தால் மட்டுமே நிஜ மருந்துக்குப் போங்கள், வீட்டில் செய்த தண்ணீரை யாரும் குடிக்கவும் கூடாது, செடிக்கு ஊற்றவும் கூடாது.

அடியில் படிந்த தூளைக் கொட்டாதீர்கள். ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, வெள்ளை திரும்பும்வரை நல்ல தண்ணீரில் வெயிலில் வைத்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு ஈரமாகவே எடுத்து வையுங்கள்.