கேஸு போடறதுக்கு முன்னாடி ஒரு வெள்ள பேப்பர் எடுங்க

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு ஒரு பொதுக்கிணறு, முறைத்தண்ணி தகராறுல அப்பாவும் பெரியப்பாவும் 11 வருஷம் வாய்தா வாய்தான்னு அலைஞ்சாங்க. கிணறு வத்தியே போச்சு, கேஸு மட்டும் ஓடிகினே இருந்துச்சு.

அதனால மொதல்ல ஒரு பேப்பர்ல உங்களுக்கு நெஜமா இன்னா வேணும்னு எழுதுங்க. தண்ணியா, காசா, இல்ல "அவன் எங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்"ங்கறதா? மூணாவதுன்னா கோர்ட்டு அத குடுக்காது. அப்பாக்கு அதான் வேணும்னு எங்களுக்கு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது.

அப்பறம் பட்டா, பத்திரம், பழைய ரசீதெல்லாம் ஜெராக்ஸ் போட்டுகினு வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துல இருக்கற, இலவச சட்ட உதவி குடுக்கற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, இல்ல 15100க்கு போன் போடுங்க. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்ளோ இருந்தாலும் வக்கீல் ஃப்ரீ, மத்தவங்களுக்குதான் வருமான வரம்பு பாப்பாங்க.

கேஸு ஏற்கனவே நடக்குதா? லோக் அதாலத்துக்கு, அதான் ரெண்டு பக்கமும் பேசி சமாதானமா முடிக்கற மக்கள் நீதிமன்றத்துக்கு, மாத்தச் சொல்லி கோர்ட்டுலயே மனு குடுக்கலாம், அங்க பேசி முடிஞ்சா கட்டுன கோர்ட்டு ஃபீஸ் திரும்ப வரும். ஆனா அதுக்கு அப்பீல் கிடையாது, அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, யாரு அவசரப்படுத்துனாலும் சரி, எந்த நாள் யாருக்கு தண்ணி, மோட்டார் கரண்டு பில்லு யாரு கட்டறதுன்னு ஒவ்வொரு வரியா சத்தமா படிக்கச் சொல்லி கேளுங்க.

ஒத்துவரலன்னா கேஸு பழைய எடத்துலயே தொடரும், வேற நஷ்டம் இல்ல.