டென்னிஸ் சீசனை அலாரம் வைத்து ஏமாறாமல் பின்தொடர்வது எப்படி?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டென்னிஸில் விதிகள் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பிடிபடாதது ஆட்டம் எப்போது தொடங்கும் என்பதுதான். கிரிக்கெட்டில் ஒன்பதரை என்றால் ஒன்பதரை. டென்னிஸில் "முந்தைய ஆட்டம் முடிந்த பிறகு" என்று போட்டிருப்பார்கள். முந்தைய ஆட்டம் எப்போது முடியும் என்பது அதை ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கே தெரியாது. என் முதல் சீசனில் பார்க்க நினைத்த ஆட்டங்களில் பாதியை இப்படித்தான் கோட்டைவிட்டேன். 15, 30, 40 என்று எண்ணுவது, செட் கணக்கு இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: காலண்டரைத் தரையால் பிரியுங்கள்

நகைக்கடையில் தரும் மாதக் காலண்டர் போதும். சீசனில் வாராவாரம் போட்டிகள் உண்டு. பெயர்களை மனப்பாடம் செய்தால் தலை சுற்றும். தரையை வைத்துப் பிரித்தால் எளிது. ஜனவரியில் ஆஸ்திரேலியா, மார்ச்சில் அமெரிக்காவின் இண்டியன் வெல்ஸ், மயாமி: கடினத் தரை. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஐரோப்பாவின் செம்மண் தரை: மான்டி கார்லோ, மாட்ரிட், ரோம், கடைசியாகப் பிரெஞ்சு ஓபன். பிறகு ஒரு மாதம் புல்தரை, அதன் உச்சம் விம்பிள்டன். ஆகஸ்ட்டில் கனடா, சின்சினாட்டி, அமெரிக்க ஓபன் என்று மீண்டும் கடினத் தரை. இலையுதிர் காலத்தில் சீனா, ஜப்பான், கடைசியில் ஐரோப்பாவின் உள்ளரங்குகள். பிப்ரவரியில் தோஹா, துபாய் நடக்கும்போதே தென் அமெரிக்காவில் செம்மண் போட்டிகளும் ஓடும். முதல் ஆண்டு அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

படி 2: ஐம்பதாவது இடத்தில் இருப்பவரைப் பிடியுங்கள்

அல்கராஸ், சின்னர், சபலென்கா, ஸ்வியாடெக் போன்ற முன்னணி நட்சத்திரங்கள் பற்றிய செய்தி தானாகவே உங்களைத் தேடி வரும். அவர்களோடு தரவரிசையில் 40-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கும் ஒருவரையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓபன்கள், விம்பிள்டன் ஆகிய நான்கும்தான் கிராண்ட்ஸ்லாம். 128 பேர் ஆடும் கிராண்ட்ஸ்லாமில் 32 பேருக்குத்தான் போட்டித் தரநிலை (சீடிங்) உண்டு. அந்த 32 பேரும் மூன்றாவது சுற்றுக்கு முன்னால் ஒருவரோடு ஒருவர் மோதாதபடி அட்டவணை போடுவார்கள். நம் ஆளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. முதல் சுற்றிலேயே முதல்நிலை வீரர் எதிரில் நிற்கலாம். யாரோடு யார் மோதுவது என்ற குலுக்கல் நடக்கும் நாளிலேயே வயிற்றில் புளியைக் கரைக்கும். சீசன் சூடு பிடிப்பது அப்படித்தான்.

இந்திய வீரர்களைப் பார்க்க விரும்பினால் இன்னும் ஒரு வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டும். முதன்மைச் சுற்றுக்கு முந்தைய வாரம் தகுதிச்சுற்று நடக்கிறது: 128 பேர் மூன்று சுற்று ஆடி 16 பேர் உள்ளே வருவார்கள். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் சுமித் நாகல் அந்த வழியாக வந்துதான் 31-ஆம் தரநிலையில் இருந்த புப்ளிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் போட்டித் தரநிலை பெற்ற ஒருவரை இந்திய வீரர் வென்று 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் வென்றவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். 1989-இல் அதே மெல்போர்னில் விலாண்டரை.

படி 3: அன்றைய ஆட்ட வரிசையை வாசிப்பது (நான் வழுக்கி விழுந்த இடம்)

ஒவ்வொரு நாளும் எந்த ஆடுகளத்தில் யார் யார் எந்த வரிசையில் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் முந்தைய நாளே வந்துவிடும். 'ஆர்டர் ஆஃப் பிளே' என்பார்கள். அதில் ஆடுகளத்தின் முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் உறுதியான நேரம். மற்றவற்றுக்கு இரண்டு குறிப்புகளில் ஒன்று இருக்கும். 'ஃபாலோடு பை' என்றால் முந்தைய ஆட்டம் முடிந்ததும் தொடங்கும். 'நாட் பிஃபோர்' என்று போட்டு ஒரு நேரம் கொடுத்திருந்தால், அந்த நேரத்துக்கு முன்னால் தொடங்காது என்று மட்டும்தான் பொருள். அதற்கு மூன்று மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: பெண்கள் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம், கிராண்ட்ஸ்லாமில் ஆண்கள் ஆட்டத்துக்கு இரண்டே முக்கால், நடுவில் கால் மணி. விம்பிள்டனில் ஒன்றாம் எண் ஆடுகளத்தில் லண்டன் நேரம் பிற்பகல் 1 மணிக்கு, அதாவது நமக்கு மாலை ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கும். முதலில் ஆண்கள், அடுத்து பெண்கள், மூன்றாவதாக உங்கள் ஆள் என்றால் இரவு பத்தேகால் வாக்கில் எதிர்பார்க்கலாம். ஒன்பதரைக்கு ஒருமுறை ஸ்கோரைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது காயத்தால் விலகினால் எல்லாம் முன்னால் வந்துவிடும்.

கணக்கு பொய்க்கும் நாட்களும் உண்டு. 2023 ஆஸ்திரேலிய ஓபனில் முர்ரேயும் கோக்கினாகிஸும் 5 மணி 45 நிமிடம் ஆடினார்கள். மெல்போர்னில் முடிந்தபோது அதிகாலை 4.05, இங்கே அப்போதுதான் இரவு பத்தரை தாண்டியிருந்தது. அந்த ஒரு முறை நம் கடிகாரம் நமக்கு உபகாரம் செய்தது.

என் தவறுக்கு வருகிறேன். அமெரிக்க ஓபன், 'செவ்வாய், இரவு அமர்வு, 7 மணி' என்று பட்டியலில் இருந்தது. நான் செவ்வாய் இரவு சாப்பிட்டுவிட்டு டிவி முன் உட்கார்ந்தேன். பகல் அமர்வின் ஆட்டங்கள்தான் ஓடின. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று. ஏதோ தாமதம் என்று நினைத்து ஒரு மணிக்குத் தூங்கிவிட்டேன். காலை எட்டரைக்கு எழுந்து பார்த்தால் ஆட்டம் முடிந்து வெற்றி பெற்றவரின் பேட்டியும் முடிந்திருந்தது. நியூயார்க்கில் செவ்வாய் இரவு 7 என்பது நமக்குப் புதன் அதிகாலை நாலரை! நேரத்தை மாற்றத் தெரிந்த எனக்குக் கிழமையை மாற்றத் தோன்றவில்லை. மறுநாள் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். சத்தம் கேட்டு வந்த அம்மா, "நல்லதாகப் போயிற்று, எழுந்ததுதான் எழுந்தாய், பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று பார்" என்றார். அன்றிலிருந்து அமெரிக்க ஓபன் இரண்டு வாரமும் பால் எடுத்து வைப்பது என் வேலை.

இந்திய நேரத்துக்கு இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்போர்ன் ஜனவரியில் நம்மைவிட ஐந்தரை மணி முன்னால்: அங்கே காலை 11, நமக்கு அதிகாலை ஐந்தரை, அங்கே மாலை 7, நமக்குப் பிற்பகல் ஒன்றரை. பாரிஸில் காலை 11 என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை, இரவு 8.15-க்கு வைக்கும் ஒற்றை ஆட்டம் நமக்குப் பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது. நியூயார்க்கில் காலை 11, நமக்கு இரவு எட்டரை.

இதைவிடக் குள்ளநரித்தனமானது இண்டியன் வெல்ஸ். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அந்த ஞாயிறு போட்டியின் நடுவில் வந்து விழும். முதல் சில நாட்கள் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம், திடீரென்று பதினொன்றரைக்கே தொடங்கிவிடும். மனக்கணக்கு வேண்டாம். கைப்பேசியின் உலகக் கடிகாரத்தில் அந்தந்த ஊரைச் சேர்த்துவிடுங்கள், அது பார்த்துக்கொள்ளும்.

படி 4: ஸ்கோர் தாளில் உள்ள குறிகள்

7-6(4) என்றால் டைபிரேக்கில் தோற்றவர் எடுத்தது 4 புள்ளி. பெயருக்கு அருகில் 'கியூ' இருந்தால் தகுதிச்சுற்றிலிருந்து வந்தவர், 'டபிள்யூசி' வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துபவர்கள் நேரடியாக இடம் கொடுத்தவர், 'எல்எல்' தகுதிச்சுற்றில் தோற்றும் யாரோ விலகியதால் இடம் பெற்ற அதிர்ஷ்டசாலி. இவ்வளவு போதும்.

ஆனால் ஸ்கோரை மட்டும் பார்த்து யாரையும் எடைபோடாதீர்கள். 2008 சென்னை ஓபன் இறுதியில் நடால் 0-6, 1-6 என்று யூஷ்னியிடம் தோற்றார். தாளில் பார்த்தால் அவமானத் தோல்வி. முந்தைய நாள் அரையிறுதியில், அதே நுங்கம்பாக்கத்தில், மோயாவுடன் மூன்று டைபிரேக் ஆடி ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடியிருந்தார். ஒருவர் அதற்கு முன் எவ்வளவு நேரம் களத்தில் இருந்தார் என்பதைப் பார்க்காமல் நான் யாருக்கும் வெற்றி கணிப்பதில்லை.

படி 5: தரவரிசை ஏன் தலைகீழாக நடக்கிறது

ஒரு போட்டியில் எடுத்த புள்ளி 52 வாரம் மட்டுமே கணக்கில் இருக்கும். கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்கு 2000, அதற்கு அடுத்த நிலையான மாஸ்டர்ஸுக்கு (இண்டியன் வெல்ஸ், ரோம் போன்றவை) 1000. அதற்கும் கீழே 500, 250. போன ஆண்டு ஆண்களுக்கான ஒரு 500 போட்டியை வென்றவர், இந்த ஆண்டு அதில் அரையிறுதியோடு நின்றால் 200 தான். பழைய 500 கழியும், புதிய 200 சேரும், நிகரம் 300 நஷ்டம். "அரையிறுதிக்கு முன்னேறினார்" என்று செய்தி வரும். திங்கட்கிழமை பட்டியலில் அவர் இறங்கியிருப்பார். வாடகை வீட்டைப் போலத்தான்: ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் காலி செய்ய வேண்டும்.

இதன் உச்சக்கட்ட வேடிக்கை 2022 விம்பிள்டன். ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்குத் தடை விதித்ததால் அந்த ஆண்டு அங்கே தரவரிசைப் புள்ளியே தரவில்லை. ஜோகோவிச் பட்டம் வென்றார். 2021-இல் அங்கே வென்றபோது கிடைத்த 2000 புள்ளி கழிந்துபோனது. 3-ஆம் இடத்திலிருந்து 7-க்கு இறங்கினார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு!

ஜனவரியில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் 'ரேஸ்' பட்டியல் தனி. அது ஆண்டிறுதிப் போட்டியில் ஆடும் எட்டுப் பேரைத் தீர்மானிக்க. புதியவர்கள் செப்டம்பர் வரை அதைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

கருவிகள்

கிராண்ட்ஸ்லாமுக்கு அந்தப் போட்டியின் சொந்தச் செயலிதான் முதலில். ஆடுகளம் மாறினால் அங்கேதான் உடனே தெரியும். மற்ற வாரங்களுக்கு ஏதேனும் ஒரு ஸ்கோர் செயலி போதும். நான் ஃபிளாஷ்ஸ்கோர் வைத்திருக்கிறேன். அதில் அறிவிப்பை உங்கள் ஆள் ஒருவருக்கு மட்டும், செட் முடியும்போது மட்டும் வையுங்கள். எல்லாவற்றுக்கும் வைத்தால் ஒரே நாளில் கைப்பேசியைத் தூக்கி எறிவீர்கள். ஆண்கள் டென்னிஸ் சங்கத்தின் 'டென்னிஸ் டிவி' இணையச் சேவையில் சந்தா கட்டினால் கிராண்ட்ஸ்லாம் வராது என்பதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். நம் ஊரில் ஒளிபரப்பு உரிமம் கைமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுச் சந்தாவுக்கு முன் இருமுறை யோசியுங்கள். நான் யோசிக்காமல் ஒரு தளத்தில் கட்டிய மறு சீசனில் நான் கேட்ட போட்டி அங்கே இல்லை.

பின்சேர்க்கை 1: "முதல் நாளையே தவறவிட்டேன்" என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். கிராண்ட்ஸ்லாம் என்றால் திங்கட்கிழமை என்ற பழைய எண்ணம்தான் காரணம். பிரெஞ்சு ஓபன் பல ஆண்டுகளாகவே ஞாயிறு. ஆஸ்திரேலிய ஓபன் 2024-இலிருந்து, அமெரிக்க ஓபன் 2025-இலிருந்து ஞாயிறு. விம்பிள்டன் மட்டும் இன்னும் திங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பின்சேர்க்கை 2: சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி, அமெரிக்க ஓபன் இரவு அமர்வு தனக்குக் காலை 7 மணிக்கு, அலுவலக ரயிலில் பார்த்துக்கொண்டே போகிறேன் என்று எழுதியிருக்கிறார். பொறாமையாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஆடுவது ஆண்களா, பெண்களா என்று டொராண்டோவிலிருந்து கேட்டவருக்கு: கனடாப் போட்டி இரண்டு ஊரில் நடக்கிறது. ஆண்கள் ஓர் ஆண்டு மான்ட்ரியலில், மறு ஆண்டு டொராண்டோவில். பெண்கள் அதற்கு நேர்மாறு. 2025-இல் டொராண்டோவில் ஆடியது ஆண்கள். டிக்கெட் வாங்கும் முன் ஊரோடு ஆண்டையும் பாருங்கள்.