காசு கட்டாமல் ஆய்வுக் கட்டுரை படிக்க

கட்டுரைக்கு இதழின் தளம் டாலர் கேட்கிறது என்று ஆய்வு மாணவர்கள் எங்கள் நூலக மேசைக்கு வந்து புலம்புவார்கள். கார்டை எடுக்காதீர்கள், சொல்கிறேன்.

கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முடிவுக்குக் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு இருக்கும். ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிய பிரதி பல சமயம் அங்கேதான் கிடக்கும். உலாவியில் இலவசப் பிரதியைத் தேடித்தரும் அன்பேவால் (Unpaywall) நீட்சியைப் போட்டுக்கொண்டால் இந்த அலைச்சலும் மிச்சம். இலவசப் பிரதி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும்.

இயற்பியல், கணிதம் என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) என்ற இலவசக் கட்டுரைத் தளம். அங்கே இருப்பது சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவமாக இருக்கலாம், அதனால் மேற்கோள் காட்டும்முன் இதழில் வந்ததோடு ஒப்பிடுங்கள். இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா (Shodhganga) என்ற இணையக் களஞ்சியம். தமிழில் எழுதியவையும் உண்டு. துணைநூல் பட்டியலை மட்டும் புரட்டினாலே பாதித் தேடல் முடிந்துவிடும் என்பேன்.

அரசுக் கல்லூரியா? ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் உங்களுக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள்.

எதுவும் கிடைக்கவில்லையா, சரி, ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் கட்டும் டாலரில் பொதுவாக அவருக்குப் பங்கு கிடையாது, சந்தோஷமாகவே அனுப்புவார். தலைப்பு, இதழ், ஆண்டு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மூன்று வரி போதும்.