தூங்கும் தாடி ஓணானுக்கு ஒரு தராசு

வீட்டில் வளர்க்கும் பியர்டட் டிராகன் என்ற தாடி ஓணான் நாள்கணக்கில் தூங்கத் தொடங்கினால், மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்றில் டப்பாவோடு வைத்து, வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். டப்பாவின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். அந்தத் தராசு மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.

புருமேஷன் என்னும் இந்தக் குளிர்கால உறக்கத்தில் உடலியக்கம் மந்தமாகிவிடுவதால் எடை பெரிதாகக் குறையாது. குடற்புழுவால் சோர்ந்து கிடக்கும் ஓணானோ விரைவில் இளைத்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: மூடிய கண், தரையோடு ஒட்டிய வயிறு. 200 கிராமில் 20 குறைந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். 10 விழுக்காடு குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.

ஒரு வயது நிரம்பாத குட்டிக்கு இப்படி நிறுத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அந்த வயதில் புருமேஷன் அரிது. நேரே மருத்துவரும் மலப் பரிசோதனையும்தான். இன்னொன்று, கோலாலம்பூரில் குளிர்காலம் ஏது? கூண்டு குளிர்சாதன அறையில் இருந்தால், விளக்கின் கீழ் வெப்பம் 40 டிகிரி அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓணான் ஏன் தூங்குகிறது என்பதற்குப் பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.