கிடங்கு வேலையை வெளியே விடும் முன்

ஆன்லைன் வியாபாரத்தில் சரக்கை வைப்பது, பேக் செய்வது, அனுப்புவது எல்லாவற்றையும் வெளிக் கிடங்கிடம் ஒப்படைக்கப் போகிறீர்களா? அனுப்பும் கட்டணத்தை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடாதீர்கள். சரக்கை இறக்கி எண்ண, இடவாடகை, பேக்கிங், திரும்பி வந்ததைச் சரிபார்க்க எனப் பல இடங்களில் தனித்தனியாகப் பணம் கேட்பார்கள். விற்காமல் தேங்கும் சரக்குதான் லாபத்தைத் தின்னும். அதனால் முதலில் நன்றாக ஓடும் பொருள்களை மட்டும் அனுப்புங்கள். ஒரே சட்டையாக இருந்தாலும் சிவப்பு மீடியம், சிவப்பு லார்ஜ் என ஒவ்வொன்றுக்கும் தனி பார்கோடு கட்டாயம்.

அப்புறம், ஒரு பொருள் தினமும் 5 விற்கிறது, புதுச் சரக்கு வர 12 நாள் ஆகிறது என்றால், இருப்பு 60-க்கு இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்த 12 நாளிலேயே 60-ம் தீர்ந்துவிடும்; தாமதமானால் சமாளிக்க, 80 இருக்கும்போதே ஆர்டர் போடுங்கள். விற்பனையைத் தொடங்குமுன் உங்கள் முகவரிக்கே ஒரு ஆர்டர் போட்டு, பெட்டி எந்த நிலையில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.