எச்டிஎம்எல் பக்கத்தில் வெளி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை இணைப்பது எப்படி?

எச்டிஎம்எல் பக்கம் எழுதி உலாவியில் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கத்துக்குள்ளேயே எழுதிவந்த நிரல் இருநூறு வரிகளைத் தாண்டியதும் அதைத் தனிக் கோப்பாகப் பிரிக்க முனைந்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது ஒரு மாலைப்பொழுதையே விழுங்கியது.

ஸ்கிரிப்ட் டேகுக்குள் இருக்கும் நிரலை மட்டும் வெட்டி, ‘மெனு’ என்ற பெயரில் ஜேஎஸ் நீட்டிப்புடன் புதிய கோப்பாகச் சேமியுங்கள். டேகையும் சேர்த்து ஒட்டினால் முதல் வரியிலேயே பிழை வரும். பிறகு, காலியாகிவிட்ட டேகில் எஸ்ஆர்சி பண்பைச் சேர்த்துக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். உள்ளே ஒன்றுமில்லையே என்று மூடும் டேகை விட்டுவிட்டால், அதற்குப் பின்வரும் பக்கம் முழுவதையும் உலாவி நிரலாகவே கருதுவதால் திரையில் எதுவும் தெரியாது.

என்னைத் திணறடித்தது பாதைதான். என் விண்டோஸ் கணினியில் ஒழுங்காக ஓடிய பக்கம், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் அசையவில்லை. எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபோது, மெனு கோப்புக்கு நேராகச் சிவப்பில் 404, அதாவது கோப்பு கிடைக்கவில்லை என்றிருந்தது. கோப்பின் பெயர் பெரிய ‘எம்’ எழுத்தில் தொடங்க, டேகில் நான் சிறிய எழுத்தை இட்டிருந்தேன். விண்டோஸ் பொருட்படுத்தாத அந்த வேறுபாட்டை லினக்ஸ் விடுவதில்லை. அன்றுமுதல் கோப்புப் பெயர்களில் சிறிய எழுத்தைத் தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை. பாதை பொதுவாக எச்டிஎம்எல் கோப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்காகும். சாய்கோட்டில் தொடங்கினால் தளத்தின் வேரிலிருந்து கணக்காகும்.

டேகை ஹெட் பகுதியில் வைத்து, பக்கம் முழுவதையும் உலாவி படித்த பின்பே நிரலை ஓடவைக்கும் டிஃபர் என்ற பண்பையும் சேருங்கள். அது இல்லையென்றால், பக்கத்தில் பட்டன் உருவாகும் முன்பே நிரல் ஓடி, அதைத் தேடிக் காணாமல் ‘நல்’ (ஒன்றுமில்லை) என்ற பிழையைக் காட்டும். பாடியின் கடைசியில் டேகை வைக்கும் பழைய வழியும் பலிக்கும். எனக்கு டிஃபரே பிடித்திருக்கிறது. கோப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் அசிங்க் என்ற பண்பு வேண்டாம், எது முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடிவிடும்.

பின்சேர்க்கை: டைப் பண்பில் மாட்யூல் (பிற கோப்புகளிலிருந்து நிரலை இறக்குமதி செய்ய உதவும் வகை) என்று கொடுத்தால் பக்கம் இயங்கவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். கோப்பை இருமுறை கிளிக் செய்து நேரடியாகத் திறந்தால் உலாவி மாட்யூலை ஏற்றாது. விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் செயலியில், பக்கத்தைக் கணினியிலேயே சர்வர் வழியாகத் திறக்க உதவும் லைவ் சர்வர் நீட்சியை நிறுவி, அதன் வழியே திறக்க வேண்டும். வெளிக் கோப்பில் உள்ள தமிழ் எழுத்துகள் குழம்பித் தெரிந்தால், கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்து, பக்கத்தின் மெட்டா டேகிலும் அதையே குறிப்பிடுங்கள்.